‘உங்க ஆளுங்க ஏன் இப்படி?’ என்று வகுப்பில் கேட்டால்

கேள்வி: தில்லி ஆர்.கே.புரத்தில் இருக்கிறோம். மகன் ஒரு தனியார் பள்ளியில் 10-ம் வகுப்பு. சோஷியல் சயின்ஸ் எடுக்கும் சார், பாடத்துக்கு நடுவே தனக்குப் பிடித்த கட்சியைத் தூக்கிவைத்துப் பேசுவார், மற்ற கட்சிகளைக் கிண்டல் செய்வார். இதுவரை நாங்கள் கண்டுகொள்ளவில்லை. போன மாதம் ஃபெடரலிசம், அதாவது கூட்டாட்சி பற்றிய பாடத்தில் மொழிக் கொள்கை வந்தபோது என் மகனை எழுப்பி, “தும் பதாவோ, தும்ஹாரே லோகோன் கோ ஹிந்தி ஸே கியா பிராப்ளம் ஹை?” என்று, அதாவது உங்க ஆளுங்களுக்கு ஹிந்தியோடு என்ன பிரச்சினை என்று கேட்டாராம். “உங்க ஆளுங்களுக்குக் காசு மட்டும் தில்லியிலிருந்து வேணும்” என்றும் சொன்னாராம். வகுப்பே சிரித்திருக்கிறது. இவன் ஒன்றும் பேசாமல் நின்றுவிட்டு உட்கார்ந்துவிட்டான். அன்றிலிருந்து அந்த பீரியடில் கை தூக்குவதில்லை. ஸ்கூல் வாசலில் என்னைத் தமிழில் கூப்பிடாதே என்கிறான். என் கணவர் “நீ ஏன் வாயை மூடிக்கிட்டு நின்னே?” என்று அவனைத் திட்டி, 1965 ஹிந்தி எதிர்ப்புப் போராட்டத்திலிருந்து ஆரம்பித்து அரை மணி நேரம் பேசி, சாரிடம் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்விகளை ஒரு தாளில் எழுதியே கொடுத்தார். போனில் ரெக்கார்ட் பண்ணு, பேரன்ட்ஸ் வாட்ஸ்அப் குரூப்பில் போடலாம் என்கிறார். (போன வருடம் எடுத்த மேம் இந்த சாருக்கு நேர் எதிர். ஆளுங்கட்சியைக் கிழிப்பார். அப்போது என் கணவர், இதே மனுஷர், “அந்தம்மாவுக்குத்தான் முதுகெலும்பு இருக்கு” என்பார்.) பையனோ “விட்டுடும்மா” என்கிறான். இன்டர்னல் மார்க்கில் கை வைத்துவிடுவாரோ என்று எனக்கு பயம். பிரின்சிபாலிடம் போகலாமா? செக்‌ஷன் மாற்றித் தரச் சொல்லலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

அடைப்புக்குறிக்குள் நீங்கள் போட்டிருக்கும் அந்த நாலு வரியைத்தான் இரண்டு தடவை படித்தேன். அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில், உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. சார் தன் கட்சியைப் பற்றிப் பேசுவது ஒன்று. உங்கள் மகனை எழுப்பி நிற்க வைத்தது இன்னொன்று. உங்கள் கணவர் முதலாவதற்காகக் கோபப்படுகிறார். பையன் வாடிப்போயிருப்பது இரண்டாவதால். பள்ளிக்கு நீங்கள் எடுத்துப்போக வேண்டியதும் இரண்டாவதை மட்டும்தான்.

ஏன் இப்படிப் பிரிக்கிறேன் என்றால், நானே ஒரு காலத்தில் இதைச் செய்தவள். 1990. வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருஷம். மேற்கு தில்லியில் ஒரு பள்ளியில் 11-ம் வகுப்புக்கு அரசியல் அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். ஆகஸ்ட் 7 அன்று அப்போதைய பிரதமர் வி.பி.சிங் நாடாளுமன்றத்தில் மண்டல் குழுவின் பரிந்துரைப்படி மத்திய அரசு வேலைகளில் 27 விழுக்காடு இட ஒதுக்கீடு என்று அறிவித்தார். தில்லி பற்றி எரிந்தது. பஸ் ஓடாத நாட்கள், பாதி வகுப்பு காலி. வந்திருந்த பிள்ளைகளும் கொதித்துக்கொண்டிருந்தார்கள், அத்தனை பேரும் எதிர்ப்பு. நானோ திருச்சியிலிருந்து வந்தவள். எங்கள் ஊரில் இட ஒதுக்கீடு என்பது என் அப்பா காலத்திலேயே பேசி முடித்த சமாச்சாரம். விடுவேனா? நாற்பது நிமிஷம் நிறுத்தாமல் பேசினேன். நன்றாகவே பேசினேன் என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் ஒரு முகம்கூட இளகவில்லை. அப்போதுதான் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பையனைப் பார்த்து, “நீ சொல்லுப்பா, உங்க வீட்டில என்ன பேசிக்கிறாங்க?” என்று ஹிந்தியில் கேட்டேன். கட்டணச் சலுகைப் பட்டியலை எழுதுவது அந்த வருஷம் என் பொறுப்பு. அவன் பெயர் அதில் எந்தத் தலைப்பின் கீழ் இருந்தது என்று எனக்குத் தெரியும். வகுப்பில் வேறு யாருக்கும் தெரியாது, அந்த நிமிஷம் வரை.

எழுந்தான். “குச் நஹி, மேம்” என்றான், ஒன்றுமில்லை என்று. உட்கார்ந்தான்.

அடுத்த வாரம் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டான். 12 முடிகிற வரைக்கும் அங்கேதான். அவனுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள் என்பது எனக்கு வெகு நாள் கழித்து இன்னொரு மாணவி சொல்லித்தான் தெரியும். இதில் இன்னொரு கூத்து. அவன் பட்டியல் சாதிப் பையன். அந்த 27 விழுக்காடு இதர பிற்படுத்தப்பட்டவர்களுக்கு. பட்டியல் சாதிகளுக்கான ஒதுக்கீடு அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பிருந்தே இருந்தது. இந்த வித்தியாசமே அன்று அந்த வகுப்பில் பலருக்குத் தெரியாது. பாடம் எடுக்கப் போனவள் அதைச் சொல்லித்தரவில்லை. கட்சி கட்டும் அவசரத்தில் கரும்பலகையில் எழுத வேண்டிய ஒரு வரி விட்டுப்போனது.

இட ஒதுக்கீடு பற்றி அன்று நான் வைத்திருந்த கருத்துதான் இன்றைக்கும். அதில் மாற்றமில்லை. ஒரு பையனைப் பிடித்து என் கருத்துக்கு சாட்சியாக நிறுத்தினேன், அதுதான் நான் செய்த தப்பு. அதனால்தான் சொல்கிறேன், உங்கள் மகனின் சார் எந்தக் கட்சி என்பதை நான் பொருட்படுத்தவே மாட்டேன். நல்ல கருத்துள்ள ஆசிரியரும் இதைச் செய்வார். நல்ல கருத்துள்ளவர் இன்னும் துணிச்சலாகவே செய்வார்.

இப்போது உங்கள் வீட்டுக்காரர் விஷயம். சார், தமிழ்நாடு மொத்தத்துக்கும் பதில் சொல் என்று பையனை நிறுத்தினார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அப்பா, தமிழ்நாடு மொத்தத்துக்கும் நீ ஏன் பதில் சொல்லவில்லை என்று கேட்கிறார். பையனுக்கு இரண்டும் ஒரே கேள்விதான். அவன் தில்லியில் வளர்ந்த பிள்ளை. மே, ஜூன் லீவில் ஜி.டி. எக்ஸ்பிரஸில் போய் பாட்டி வீட்டில் மூன்று வாரம் இருந்துவிட்டு வருகிறவனாக இருப்பான். தமிழ் எழுத்தைக் கூட்டிப் படிப்பானோ என்னவோ, ஹிந்தியில் உங்களையும் என்னையும் விட நன்றாக எழுதுவான். அவனிடம் போய் 1965-ஐக் கேட்டால் என்ன சொல்வான்? அந்தத் தாளைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். முடிந்தால் அவரே பையனிடம், “அன்னிக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது” என்று ஒரு வார்த்தை சொல்லட்டும்.

அவன் பேசாமல் நின்றது கோழைத்தனம் இல்லை என்பதையும் அவனுக்குச் சொல்லுங்கள். கேரளத்தில் 1985-ல் மூன்று பிள்ளைகள் பள்ளியில் தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் தங்கள் மத நம்பிக்கை காரணமாகப் பாடவில்லை. பள்ளி வெளியே அனுப்பிவிட்டது. அடுத்த வருஷம் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொன்னது. பிஜோ இம்மானுவேல் வழக்கு என்பார்கள். பேசும் உரிமைக்குள் பேசாமல் இருக்கும் உரிமையும் அடங்கும் என்பதற்கு வக்கீல்கள் இன்றைக்கும் அதைத்தான் காட்டுவார்கள். சட்டப் புத்தகத்தில் இடம்பிடித்த மௌனம் அது. உங்கள் மகனுடையதும் அந்த ரகம்தான்.

சரி, ஆசிரியர் அரசியலே பேசக் கூடாதா? கூடாது என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. ஆசிரியர் கல்லா மண்ணா? நம் அரசியலமைப்பின் 171-வது பிரிவு, சட்ட மேலவை உள்ள மாநிலங்களில் பன்னிரண்டில் ஒரு பங்கு உறுப்பினர்களை ஆசிரியர்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்க வழி வைத்திருக்கிறது. அரசியல் வேண்டாத ஜென்மம் என்று நினைத்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டார்கள். (அரசு ஊழியராக இருக்கும் ஆசிரியருக்குக் கட்சியில் சேர நடத்தை விதிகளில் தடை இருக்கிறது, அது தனிக் கதை.) தேர்தல் நேரத்தில் தில்லிப் பிள்ளைகள் சும்மா விட மாட்டார்கள், “மேம், நீங்க யாருக்கு ஓட்டு?” என்று ஒரு நாளைக்கு நாலு தடவை கேட்பார்கள். “ரகசிய வாக்கெடுப்புன்னு நேத்துதானே பாடம் நடத்தினேன், தூங்கினியா?” என்று நான் தப்பித்துக்கொள்வேன்.

சில விஷயங்களில் ஆசிரியர் நடுநிலை வகிக்கவும் கூடாது. தீண்டாமை சரியா தப்பா என்று வகுப்பில் பட்டிமன்றம் வைக்க முடியாது. 17-வது பிரிவு அதை முடித்துவைத்துவிட்டது. ஆனால் மும்மொழியா இருமொழியா, ஒதுக்கீடு எவ்வளவு, எந்த ஆட்சி நல்லது என்பதெல்லாம் ஊரே இரண்டாகப் பிரிந்து பேசும் விஷயங்கள். ஊரில் சண்டையாக இருப்பது வகுப்பிலும் இரண்டு பக்கமும் தெரியும்படி வர வேண்டும், பிள்ளையின் மீது ஏறி உட்கார்ந்து ஒரு முடிவைத் திணிக்கக் கூடாது. ஜெர்மனியில் பொய்டெல்ஸ்பாக் என்ற ஊரில் 1976-ல் கல்வியாளர்கள் கூடி இதையே ஒரு உடன்பாடாக எழுதிவைத்தார்கள். அங்கே ஆசிரியர் பயிற்சியில் இன்றும் சொல்லித்தருகிறார்கள். எனக்கு அது தெரியவந்தது ரொம்பப் பிந்தி. 1990-லேயே யாராவது சொல்லியிருக்கலாம்.

வேடிக்கை என்னவென்றால், அந்த சார் தன் கையில் இருந்த புத்தகத்தையே ஒழுங்காக நடத்தியிருந்தால் போதும். 10-ம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தின் ஃபெடரலிசம் பாடத்தில் தமிழ்நாட்டுப் போராட்டம் வருகிறது, ஆங்கிலமும் தொடரட்டும் என்று மத்திய அரசு இறங்கிவந்தது வருகிறது, ஹிந்தி பேசாத மாநிலங்களின் மீது அதைத் திணிக்க முடியாது என்பதும் வருகிறது. அந்த நெகிழ்வுத்தன்மைதான் இலங்கை மாதிரி ஆகாமல் நம்மைக் காப்பாற்றியது என்று புத்தகமே சொல்கிறது. இலங்கை அதற்கு முந்தின பாடம். 1956-ல் சிங்களம் மட்டுமே என்று சட்டம் போட்டதை அந்தப் பிள்ளைகள் கொஞ்சம் முன்னால்தான் படித்திருப்பார்கள்.

நானாக இருந்தால் ராஜாஜியைக் கொண்டுவந்து நிறுத்துவேன். 1938-ல் சென்னை மாகாணப் பள்ளிகளில் ஹிந்தியைக் கட்டாயமாக்கியவர் அவர். பின்னாளில் ஹிந்தித் திணிப்பு வேண்டாம் என்று எழுதியவரும் அவரே. “ஒரே ஆள் ஏன் இரண்டு பக்கமும் நின்றார்?” என்று கேட்டால் வகுப்பு அரை மணி நேரம் அடங்காது, அதற்கு எந்தப் பையனும் தன் ஊரைச் சொல்லிக்கொண்டு எழுந்து நிற்க வேண்டியதில்லை. பணத்தைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் அதுவும் பாடம்தான். பள்ளிக் கல்விக்கு மத்திய அரசு தரும் 2,152 கோடி ரூபாய் சமக்ர சிக்‌ஷா நிதியை விடுவிக்கவில்லை என்று தமிழ்நாடு கேட்டது, பி.எம். ஸ்ரீ என்ற மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டத்தில் கையெழுத்துப் போடவில்லை என்று மத்திய அரசு சொன்னது. மாநிலத்தின் பங்கு எது, மத்தியின் பங்கு எது, கல்வி ஏன் மத்தியும் மாநிலமும் சட்டம் போடக்கூடிய பொதுப் பட்டியலில் இருக்கிறது என்று எழுதிப்போட்டால் ஃபெடரலிசம் அங்கேயே புரிந்துவிடும். “காசு மட்டும் வேணும்” என்பதை டீக்கடையில் சொல்லலாம். நாமும் சொல்வோம், வேறு ஆட்களைப் பற்றி.

2012-ல் 12-ம் வகுப்புப் புத்தகத்தில் 1965 போராட்டத்தைப் பற்றிய ஆர்.கே.லக்‌ஷ்மண் கார்ட்டூன் ஒன்று பெரிய தகராறானது. மாணவர்களைக் கேலி செய்கிறது, நீக்குங்கள் என்று கலைஞரும் ஜெயலலிதாவும் ஒரே குரலில் சொன்னார்கள், அதுவே ஒரு அதிசயம். என் வகுப்பில் அந்த வருஷம் இரண்டு தமிழ்ப் பிள்ளைகள். அவர்கள் பக்கம் நான் திரும்பக்கூட இல்லை. “இந்தப் படத்தைப் பார்த்து யார் சிரிப்பார்கள், யாருக்கு வலிக்கும், ஏன்? பெயர் போடாமல் எழுதுங்கள்” என்று துண்டுத் தாள் கொடுத்தேன். வந்ததில் நல்ல பதில் ஒரு பஞ்சாபிப் பெண்ணுடையது என்று கையெழுத்தை வைத்துக் கண்டுபிடித்தேன். அவள் தாத்தா லாகூரில் உருது படித்தவராம்.

இனி காரியத்துக்கு வருவோம்.

ரெக்கார்டிங் வேண்டவே வேண்டாம். போனை எடுத்துப்போய் மாட்டினால் தண்டனை உங்கள் பையனுக்கு. மாட்டாவிட்டாலும் அவனைத்தான் உளவாளி ஆக்குகிறீர்கள். வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் பத்து நிமிஷத்தில் பேரன்ட்ஸ் இரண்டு கட்சியாகப் பிரிந்து, உங்கள் மகன் பெயர் இரண்டு பக்கமும் உருளும். செக்‌ஷன் மாற்றமும் இப்போது வேண்டாம். நண்பர்கள் போய்விடுவார்கள், ஏன் மாறினான் என்ற கேள்வி மட்டும் அவன் கூடவே போகும்.

பிரின்சிபாலுக்கு முன்னால் சாரையே பாருங்கள். பெற்றோர்-ஆசிரியர் சந்திப்பான பி.டி.எம். அன்று அல்ல. பின்னால் ஐந்து பேரன்ட்ஸ் நாற்காலியில் காத்திருக்கும்போது எந்த ஆசிரியரும் தப்பை ஒத்துக்கொள்ள மாட்டார். டைரியில் எழுதி, ஃப்ரீ பீரியடில் பத்து நிமிஷம் கேளுங்கள். நீங்கள் போங்கள், கணவர் வேண்டாம். அவர் போனால் பேச்சு மூன்றாவது நிமிஷத்தில் கட்சிக்குப் போய்விடும், பிறகு திரும்பாது. ஹிந்தி தட்டுத்தடுமாறினால் பரவாயில்லை. கட்சி என்ற சொல்லே உங்கள் வாயில் வரக் கூடாது. இவ்வளவு போதும்: “சார், ஃபெடரலிசம் பாடத்தில் என் பையனை எழுப்பி, உங்கள் ஆட்களுக்கு என்ன பிரச்சினை என்று கேட்டீர்கள். அவனுக்கு அது பதில் தெரியாத கேள்வி. வகுப்பு சிரித்தது. அதற்குப் பிறகு உங்கள் பீரியடில் கை தூக்குவதில்லை. அவனை அவனாக மட்டும் பார்க்கும்படி கேட்டுக்கொள்ளத்தான் வந்தேன்.” இதைச் சொல்லிவிட்டு நிறுத்திவிடுங்கள். அப்புறம் வரும் மௌனத்தை நீங்கள் நிரப்ப வேண்டாம்.

முக்கால்வாசி ஆசிரியர்கள் இதற்கு இறங்குவார்கள். நாற்பத்தைந்து பிள்ளைகள், லஞ்சுக்கு அப்புறம் வரும் பீரியட், பாதிப் பேர் தூங்குகிறார்கள், ஒரு சிரிப்புக்காக ஏதோ சொல்லியிருப்பார். அது பையனோடு வீட்டுக்கு வந்தது என்றே அவருக்குத் தெரிந்திருக்காது. எனக்கு எங்கே தெரிந்தது?

இறங்கவில்லை, அல்லது மறுபடி நடந்தது என்றால் பிரின்சிபாலுக்கு எழுத்தில் கொடுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். தேதி, பீரியட், சொன்ன வாக்கியம் அப்படியே. தில்லி பள்ளிக் கல்வி விதிகள், 1973-ல் 123-வது விதி ஆசிரியர்களுக்கான நடத்தை நெறி. மொழி, பிறந்த இடம், சாதி, மதம், சமூகப் பின்னணி இவற்றை வைத்து எந்த மாணவரையும் வேற்றுமைப்படுத்தக் கூடாது என்று அதில் இருக்கிறது. வகுப்புவாத, குறுங்குழு மனப்பான்மையைப் பாடத்தின் வழியாகப் பரப்பக் கூடாது என்பதும் அதே விதியில்தான். அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளிக்கும் பொருந்தும். விதி எண்ணை ஒரு வரியில் குறிப்பிடுங்கள், மிரட்டலாக அல்ல. அதற்கும் மேலே கல்வி இயக்ககம் இருக்கிறது. அதுவரை போக வேண்டி வராது என்றுதான் நினைக்கிறேன்.

இப்போது அடைப்புக்குறிக்கு வருகிறேன். போன வருடத்து மேம். அவர் ஆளுங்கட்சியைக் கிழித்தபோது அந்த வகுப்பிலும் யாரோ ஒரு பிள்ளை, அந்தக் கட்சிக்கு ஓட்டுப்போடும் வீட்டிலிருந்து வந்து, தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்திருக்கும். அதன் அம்மாவும் எங்காவது இப்படி ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். இதை உங்கள் கணவரைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. பிரின்சிபால் அறையில் உட்காரும்போது, ‘போன வருஷம் அந்த மேம் பேசினப்ப நீங்க ஏன் வரலை?’ என்று யாராவது கேட்டால் பதில் வேண்டுமே. “அவர் எந்தப் பிள்ளையையும் எழுப்பி நிற்க வைக்கவில்லை” என்று சொல்ல முடிந்தால் சொல்லுங்கள். அது உண்மையா என்று முதலில் பையனிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவனுக்கு நினைவிருக்கும்.

மார்க் பயத்துக்கு அவ்வளவு இடமில்லை. சி.பி.எஸ்.இ. 10-ல் 80 மார்க் போர்டு பரீட்சை. அந்தத் தாளைத் திருத்துகிறவருக்கு உங்கள் மகன் யாரென்றே தெரியாது. பள்ளி கையில் இருப்பது 20. பீரியாடிக் டெஸ்ட் 5, மல்டிபிள் அசெஸ்மென்ட் 5, போர்ட்ஃபோலியோ 5, ப்ராஜெக்ட் மாதிரி சப்ஜெக்ட் என்ரிச்மென்ட் 5. நடைமுறையில் பள்ளிகள் இதை அள்ளித்தான் கொடுக்கும், ரிசல்ட் அவர்களுக்கும் வேண்டுமே. டெஸ்ட் தாள்களையும் ப்ராஜெக்ட் ஃபைலையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அது போதும். அவன் கை தூக்காததுதான் எனக்குக் கவலை. மார்க் ஷீட்டில் அது தெரியாது.

இதையெல்லாம் செய்வதற்கு முன்னால் அவனிடம் ஒரு தடவை கேளுங்கள். “விட்டுடும்மா” என்பதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. நிஜமாகவே ஆறிவிட்டது என்பது ஒன்று. நீ வந்து இன்னும் பெரிசாக்கிவிடாதே என்பது மற்றது. இரண்டாவது என்றால், நீங்கள் சாரிடம் சொல்லப்போகும் அந்த ஐந்து வாக்கியங்களை அவனுக்கு முன்கூட்டியே படித்துக்காட்டுங்கள். ஒரு சொல்லை மாற்றச் சொன்னால் மாற்றுங்கள்.

வாசலில் தமிழில் கூப்பிடாதே என்றானே, அதை வைத்து மட்டும் அவனோடு மல்லுக்கு நிற்காதீர்கள். கொஞ்ச நாள் அவன் இஷ்டப்படி விட்டுப்பாருங்கள். பத்தாவது படிக்கும் பையன்களுக்கு, அம்மா எந்த மொழியில் கூப்பிட்டாலும், வாசலுக்கு வந்து நிற்பதே பிடிக்காது.